ஒன்றாகிப்போன கைகள்

ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கிக்கொண்டு ரெபேக்கா சென்னைக்குத் திரும்பிய அன்று, விமான நிலையத்தில் மாலையும் மேளமுமாக ஒரு கூட்டமே நின்றிருந்தது. நீச்சல் சங்கச் செயலாளர் பேசினார். அமைச்சர் சார்பில் வந்தவர் பேசினார். ரெபேக்காவும் மைக்கில் நாலு வார்த்தை பேசினாள். கூட்டத்துக்குப் பின்னால் அவளுடைய அம்மா சலோமி, ரயில் பெட்டித் தொழிற்சாலைச் சீருடையிலேயே, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். மைக்கில் யார் என்ன பேசினாலும் அவளுக்கு ஒன்றுதான். பிறவியிலிருந்தே காது கேட்காது, வாய்ப்பேச்சும் இல்லை.

கூட்டம் கலைந்ததும் சலோமி முன்னால் வந்து மகளின் கன்னத்தைத் தொட்டாள். பிறகு கைகளால் கேட்டாள்: "தண்ணி எப்படி இருந்துச்சு? ரொம்பக் குளிரா?"

ரெபேக்கா பதில் சொன்னாள். குளிரே இல்லை, நல்ல தண்ணீர், கடைசியில்தான் தோள் எரிந்தது என்று சொன்னாள். சொன்னதாகத்தான் அவள் நினைத்தாள். சலோமியின் புருவம் சுருங்கியது.

"என்ன சொல்றே? திரும்பச் சொல்லு."

ரெபேக்கா திரும்பச் சொன்னாள். வலது கை பேசத் தொடங்கியதும், அசையாமல் இருக்க வேண்டிய இடது கையும் கூடவே எழுந்து அதையே செய்தது. அவள் இடது கையைக் கீழே இறக்கினாள். வலது கையும் இறங்கியது.

"ரெண்டு பேரு ஒரே நேரத்துல பேசுற மாதிரி இருக்கு" என்றாள் சலோமி. "களைச்சுப் போயிருக்கே. தூங்கி எந்திரி, அப்புறம் பேசிக்கலாம்."

மறுநாள் தூங்கி எழுந்த பிறகும் சரியாகவில்லை.

ரெபேக்கா முதலில் கற்ற மொழி கைமொழிதான். அப்பா அவளுக்கு நினைவு தெரியும் முன்பே இறந்துவிட்டார். பெரம்பூரில் அம்மாவும் அவளும் மட்டும் இருந்த வீட்டில் கோபம், கொஞ்சல், கேலி, ஜெபம் எல்லாம் கைகளில்தான் நடந்தன. வாயால் பேசுவதை அவள் அக்கம்பக்கத்தாரிடமும் பள்ளியிலும்தான் கற்றாள். கைமொழியில் இரண்டு கைகளுக்கும் ஒரே வேலை கிடையாது. ஒரு கை ஓடினால் மற்றது சாலையாகக் கிடக்கும். ஒரு கை கதவைத் தட்டினால் மற்றது கதவாக நிற்கும். இரண்டும் ஓடினால் சாலை இல்லை; இரண்டும் தட்டினால் கதவு இல்லை. அர்த்தம் போய்விடும்.

அவளை நீச்சல் குளத்துக்கு அழைத்துப்போனதும் சலோமிதான். தண்ணீரைக் கண்டால் அதை நோக்கி ஓடும் குழந்தை அது. "நீ எங்கயாவது விழுந்து கத்தினா எனக்குக் கேட்காது. அதனால கத்தாமலே கரையேறக் கத்துக்கோ" என்று சொல்லி, ரயில்வே குடியிருப்புக்குள் இருந்த குளத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

அங்கே பயிற்சியாளராக இருந்தவர் தணிகாசலம். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஃப்ரீஸ்டைல்தான் பிடிக்கும். வண்ணத்துப்பூச்சி நீச்சலை யாரும் விரும்பி எடுப்பதில்லை. இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் தண்ணீருக்கு மேலே வீசி, ஒரே நேரத்தில் இழுத்து, கால்களைச் சேர்த்து மீன்வால் போல் அடிக்க வேண்டும். நெஞ்சில் கல்லைக் கட்டினாற்போல் மூச்சு முட்டும். ரெபேக்கா மட்டும் அதைப் பார்த்த முதல் நாளே செய்ய முயன்று, தண்ணீரைக் குடித்து, இருமிக்கொண்டே மறுபடி செய்தாள். "இந்தப் பொண்ணு பூச்சி இல்ல, பருந்து" என்றார் தணிகாசலம்.

பருந்து வளர்ந்து தேசிய சாம்பியன் ஆனது. ஆனால் வெளிநாட்டுப் போட்டிகளில் ஆறாவது, ஏழாவது இடத்துக்கு மேல் வர முடியவில்லை. அவளுக்கு முன்னால் வந்த எல்லோருடைய பிடரியிலும் ஒரு சிறிய தழும்பு இருந்தது. அவர்கள் எல்லோரும் 'இணைவி' பொருத்திக்கொண்டவர்கள்.

அரிசி மணி அளவில் ஒரு சிப்பு. மனிதனின் வலது கையும் இடது கையும் எவ்வளவு பழகினாலும் ஒரே பலத்தில், ஒரே கணத்தில் அசையாது. அந்த நூலிழை வித்தியாசம் தண்ணீரில் உடம்பைத் துளி திருப்பிவிடும்; அதைச் சரிசெய்வதிலேயே பாதிப் பலம் வீணாகும். இணைவி அந்த வித்தியாசத்தை அழித்துவிடும். மருந்து கிடையாது, இயந்திரத் தசை கிடையாது. உடம்பில் இருப்பதைத்தான் சீராக்குகிறது என்று சொல்லி விளையாட்டுக் கூட்டமைப்பும் அனுமதித்திருந்தது.

"நான் உன்னை வற்புறுத்தலம்மா" என்றார் தணிகாசலம். "ஆனா அது இல்லாம மெடல் பக்கம்கூடப் போக முடியாது. ஓட்டப் பந்தயத்துல எல்லாரும் ஷூ போட்டு ஓடறப்போ நீ மட்டும் வெறுங்காலோட ஓடற மாதிரி."

ரெபேக்கா அம்மாவிடம் சொன்னபோது சலோமி கேட்டது ஒரே கேள்விதான். "வலிக்குமா?"

"வலிக்காது."

வலிக்கவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து பதக்கங்கள் வரத் தொடங்கின.

ஆசியத் தங்கத்துக்குப் பிறகு ஒலிம்பிக் பயிற்சி முகாம் தொடங்கியது. அங்கே சாப்பாட்டுக் கூடத்தில்தான் ரெபேக்கா முதன்முதலாக மற்றவர்களைக் கவனித்தாள். சாம்பார் சாதத்தைப் பிசைவதற்கு முன்னால் வண்ணத்துப்பூச்சி நீச்சல்காரர்கள் எல்லோரும் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்கள். சர்வ சாதாரணமாக, செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைவதைப்போல அதைச் செய்தார்கள். யாருடைய காலிலும் கயிறு வைத்த ஷூ இல்லை. யாரும் சட்டையில் பொத்தான் வைத்துக்கொள்ளவில்லை. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை. பேசினால் மருத்துவப் பரிசோதனை வரும். பரிசோதனை வந்தால் அணியிலிருந்து பெயர் போகும்.

அவளும் இடது கையின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அம்மாவோடு பேசுவதற்கு வேறு வழி கண்டுபிடித்தாள். போனில் ஒரு செயலி இருந்தது. அவள் வாயால் பேசினால், திரையில் ஒரு பொம்மைப் பெண் அதைக் கைமொழியில் சொல்லும். பிழையே இல்லாமல் சொல்லும். சலோமி முதலில் சிரித்தாள், பிறகு பொறுத்துக்கொண்டாள், பிறகு ஒருநாள், "இந்தப் பொண்ணு நல்லாப் பேசுது. என் பொண்ணு எங்க?" என்று கேட்டாள். ரெபேக்கா பயிற்சிக்கு நேரமாகிவிட்டது என்று பொம்மையைச் சொல்லவைத்துப் போனை அணைத்தாள். அதற்குப் பிறகு அழைப்பதையும் குறைத்துக்கொண்டாள்.

விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, யாருக்கும் சொல்லாமல் டாக்டர் நசீமாவைப் போய்ப் பார்த்தாள். மூளை நரம்பு மருத்துவர். விளையாட்டுச் சங்கத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர் என்பதால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தாள்.

"தண்ணிக்குள்ள மட்டும்தான் வேலை செய்யும்னு சொன்னாங்க டாக்டர்."

"சிப்பு தண்ணிக்குள்ள மட்டும்தான் வேலை செய்யுது. அதுல பொய் இல்ல" என்றார் நசீமா. "ஆனா தண்ணிக்கு ஒரு மூளை, தரைக்கு ஒரு மூளைன்னு உங்ககிட்ட ரெண்டு இல்லையே."

"புரியல."

"நம்ம மூளையில ரெண்டு பாதி. ஒவ்வொரு பாதியும் எதிர்ப்பக்கக் கையைப் பாத்துக்குது. நடுவுல ஒரு பாலம். அந்தப் பாலத்துக்கு ஒரு முக்கியமான வேலை உண்டு. 'நான் இப்ப கையை அசைக்கிறேன், நீ சும்மா இரு'ன்னு மத்தப் பாதிக்குச் சொல்றது. கைக்குழந்தைங்களைப் பாருங்க, ஒரு கையை நீட்டினா இன்னொண்ணும் கூடவே நீளும். வளர வளரத்தான் அந்த 'சும்மா இரு' பலப்படும். சிப்பு அதைத்தான் அமுக்கி வைக்குது."

"நீந்தறப்ப மட்டும்."

"நீங்க ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நீந்தறீங்க? எத்தனை வருஷமா?" நசீமா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துக்கொண்டார். "மேம்பாலம் கட்டினா என்ன ஆகுது? எல்லா வண்டியும் மேல போயிடும். கீழ இருக்கற கடைங்க ஒவ்வொண்ணா மூடிடும். பாலத்தை யாரும் கடையை மூடறதுக்காகக் கட்டல. ஆனா மூடிடுது."

ரெபேக்கா தன் கைகளைப் பார்த்தாள். இரண்டும் மடியில் ஒரே மாதிரி கிடந்தன.

"எடுத்துட்டா சரியாயிடுமா?"

"ஆகலாம். கடை முழுசா மூடறதுக்குள்ள எடுத்தா வாய்ப்பு அதிகம். ஆனா அப்புறம் நீச்சல் எப்படி இருக்கும்னு எனக்குச் சொல்லத் தெரியாது. உங்க மூளை அந்த நீச்சலை சிப்போட சேர்ந்துதான் பழகியிருக்கு."

"ஒலிம்பிக்ஸ் முடிஞ்சதும் வரட்டுமா?"

"வாங்கன்னு சொல்ல எனக்கும் ஆசைதான்" என்றார் நசீமா. "அப்ப வந்து கேட்டா என்கிட்ட பதில் இருக்குமான்னு தெரியல."

தணிகாசலத்திடம் சொன்னபோது அவர் முகத்தில் வியப்பே இல்லை. அவருக்கு இது புதுச் செய்தி அல்ல என்று அப்போதே ரெபேக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

"எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்மா. ரிட்டயர் ஆனதும் எடுத்துடறாங்க."

"எடுத்தவங்களுக்குச் சரியாயிடுச்சா சார்?"

அவர் பேச்சை மாற்றினார். "இன்னும் கொஞ்ச நாள்தான். மெடல் உறுதிம்மா உனக்கு. அம்மாகிட்ட போன்ல எழுதிக் காட்டலாமே? அந்தச் செயலி இருக்கே?"

"உங்க அம்மாகிட்ட நீங்க பேசணும்னா மனு எழுதிக் கொடுப்பீங்களா சார்?"

தணிகாசலம் கெட்ட மனிதர் அல்ல. வெறும் ரயில்வே குளத்திலிருந்து ஒரு பெண்ணை உலகத்தின் முன்னால் கொண்டு நிறுத்திவிட வேண்டும் என்பதைத் தவிர வாழ்க்கையில் வேறு எதற்கும் ஆசைப்படாதவர். அதனால்தான் அவரிடம் கோபப்பட அவளால் முடியவில்லை. ஒலிம்பிக் முடியட்டும் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு முகாமுக்குத் திரும்பினாள்.

இரண்டு வாரத்தில் தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. சலோமி வேலையிடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்துவிட்டாள், மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள்.

ரெபேக்கா போய்ச் சேர்ந்தபோது காலை வெயில் ஜன்னல் வழியே கட்டிலில் விழுந்திருந்தது. பித்தப்பையில் கல். பெரிய விஷயமில்லை, ஆனால் அன்றே எடுத்துவிட வேண்டும் என்றார் அறுவை மருத்துவர். "நீங்கதானே மகள்? அம்மாகிட்ட விளக்கமாச் சொல்லிடுங்க. ரொம்பப் பயப்படறாங்க, கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்க."

சலோமி வெளுத்துப்போயிருந்தாள். மகளைக் கண்டதும் எழுந்து உட்கார முயன்றாள்.

"எனக்கு என்ன? இவங்க முகத்தைப் பார்த்தா ஒண்ணும் புரியல. சாகப் போறேனா?"

ஒரு செவிலி பொம்மைப் பெண் தெரியும் திரையைக் கொண்டுவந்து கட்டிலின் முன்னால் நிறுத்தினாள். பொம்மை அழகாகச் சொன்னது: சின்னக் கல், சிறு துளை வழியாக எடுத்துவிடுவார்கள், நாளை மறுநாள் வீடு. சலோமி அதை ஓரமாகத் தள்ளினாள்.

"இது எல்லார்கிட்டயும் இப்படித்தான் சொல்லும். நீ சொல்லு."

ரெபேக்கா சொன்னாள். சின்னக் கல் என்று சொல்ல வலது கை விரல்களைக் குவித்தபோது இடது கை விரல்களும் குவிந்தன. இரண்டு கல் ஆயிற்று. வயிற்றைக் காட்டப் போனால் இரண்டு கைகளும் வயிற்றின் இரு பக்கமும் போய் நின்றன. எடுத்துவிடுவார்கள் என்று சொன்னது எதையோ கிழிப்பதுபோல் இருந்தது. அவள் இடது கையைக் கட்டில் கம்பியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் மட்டும் பேசப் பார்த்தாள். வலது கையும் காற்றில் இல்லாத கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

சலோமி அந்தக் கண்ணீரை மட்டும் படித்தாள்.

"பெருசா என்னமோ இருக்கு. நீ மறைக்கிறே" என்றாள். பிறகு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். காது கேட்காதவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதற்கு மேல் உலகத்தில் யாராலும் அவரிடம் எதுவும் சொல்ல முடியாது.

கடைசியில் தொழிற்சாலையிலிருந்து சலோமியின் தோழி ஒருத்தி வந்தாள். அவளுக்கும் காது கேட்காது. அவள் கட்டிலைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், தன் வயிற்றில் இருந்த பழைய தையல் தழும்பைப் புடவையை விலக்கிக் காட்டி, கை வேகத்தில் என்னவோ கேலி பேசினாள். சலோமி சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். ரெபேக்கா கதவோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் பேசியது அத்தனையும் அவளுக்குப் புரிந்தது. அதில் ஒரு வார்த்தைகூட அவளால் சொல்ல முடியாது.

சலோமியை அறுவை அறைக்குள் கொண்டுபோனதும் ரெபேக்கா வராந்தாவுக்கு வந்து தணிகாசலத்தை அழைத்தாள்.

"சார், நான் எடுத்துடப் போறேன்."

"ஒலிம்பிக்ஸ்?"

"வேற யாராவது போகட்டும் சார்."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.

டாக்டர் நசீமாவின் மேற்பார்வையில் சிப்பை எடுத்தது சுலபமாக முடிந்தது. அதற்குப் பிறகுதான் சிரமம். சில வாரங்கள் கைகள் இரண்டும் ஒன்றையொன்று தெரியாத இரண்டு விருந்தாளிகளைப்போல் நடந்துகொண்டன. ஒன்று எழ மறுத்தது, மற்றது இறங்க மறுத்தது. பிறகு ஒருநாள், வலது கை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது இடது கை குழாயைத் திறந்தது. ரெபேக்கா நுரை வழியும் வாயோடு கண்ணாடியில் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழாயைத் திறந்து திறந்து மூடினாள். இத்தனை பெரிய நிம்மதியை எந்தப் பதக்க மேடையிலும் அவள் உணர்ந்ததில்லை.

அம்மாவும் மகளும் ஒழுங்காகப் பேசிய முதல் பேச்சு ஒரு சண்டை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து, சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். சலோமி கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"பயமா இருந்துச்சு. நீ எடுத்துடச் சொல்லுவேன்னு."

"சொல்லியிருப்பேன்தான். அதுக்காக ஒரு வருஷமா அந்தப் பொம்மையை வச்சுப் பேசுவியா?" சலோமியின் கைகள் வேகமெடுத்தன. "நான் என்ன நினைச்சேன் தெரியுமா? நீ பெரிய ஆளாயிட்டே. டிவியில வர்றே. நாலு பேர் முன்னாடி இந்த ஊமைச்சியோட கையை ஆட்டிப் பேச உனக்கு வெக்கம்னு நினைச்சேன்."

ரெபேக்கா உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைத் தட்டில் போட்டாள்.

"வெக்கமா? எனக்கா? உன்னைப் பத்தியா?" பிறகு கொட்டித் தீர்த்தாள். நீ மட்டும் என்ன, வயிற்றுவலி ஆறு மாதமாக இருந்ததை என்னிடம் சொன்னாயா என்று கேட்டாள். நீ கூப்பிட்டால்தானே சொல்வதற்கு என்றாள் சலோமி. பழசு புதுசு எல்லாம் வந்தது. ரெபேக்கா இடையில் குறுக்கிட்டாள், அம்மாவின் கையைத் தட்டிவிட்டாள், ஒரு கையால் பேசிக்கொண்டே மறு கையால் கண்ணைத் துடைத்தாள். பேச்சின் பாதியில் சலோமி சட்டென்று நின்றாள்.

"திரும்பச் சொல்லு" என்றாள்.

"எதை?"

"எதையாவது. திட்டினியே, அதையே சொல்லு."

ரெபேக்கா திட்டினாள். சலோமி மகளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தக் கைகளைப் பிடித்து, வெங்காயம் நாறும் உள்ளங்கைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஒலிம்பிக்கை இருவரும் வீட்டில் டிவியில் பார்த்தார்கள். ரெபேக்காவின் இடத்தில் போன கோயம்புத்தூர்ப் பெண் அகல்யா வெண்கலம் வாங்கினாள். வருத்தமாக இருக்குமோ என்று ரெபேக்கா பயந்திருந்தாள். கொஞ்சம் இருந்தது. சாப்பாட்டு வேளை வரைக்கும் இருந்தது.

அடுத்த ஆண்டு தேசியப் போட்டி சென்னையிலேயே நடந்தது. தணிகாசலம் வீட்டுக்கு வந்தார். சலோமி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"கடைசியா ஒரு தடவை நீந்தறியாம்மா? ஜெயிக்கறதுக்கு இல்ல. நீ நீந்தறதை நான் பாக்கணும். சிப்பு வச்சதுக்கு அப்புறம் நான் பார்த்தது உன்னைத்தானான்னு எனக்கே தெரியல."

அவள் அதற்கு முன்பே ரயில்வே குளத்தில் காலை வேளைகளில் நீந்தத் தொடங்கியிருந்தாள். முதலில் தண்ணீர் அவளை ஒரு பக்கமாகத் திருப்பித் திருப்பி எறிந்தது. முன்பு சிப்பு செய்த வேலையை இப்போது ஒவ்வொரு வீச்சிலும் அவளே செய்ய வேண்டியிருந்தது. இடது கைக்கு அவசரம், வலது கைக்குச் சோம்பல். இரண்டையும் சமாதானம் செய்து சமாதானம் செய்து கூட்டிக்கொண்டு போனாள்.

ஒப்புக்கொண்டாள். முதல் சுற்றில் எட்டாவதாக வந்து, இறுதிப் போட்டிக்குள் ஒண்டிக்கொண்டு நுழைந்தாள். சுவரோரத் தடம் கிடைத்தது. நடுத் தடத்தில் அகல்யா. பார்வையாளர் வரிசையில் இடம் கொள்ளாத கூட்டம்; டிரம்ஸ், விசில், ஒலிபெருக்கி.

தொடக்க ஒலி எழுந்ததும் எட்டுப் பேரும் பாய்ந்தார்கள். பாதித் தூரத்தில் ரெபேக்கா கடைசி. மற்ற ஏழு பேரின் கைகளும் அச்சில் வார்த்ததுபோல் எழுந்து விழுந்தன. அவளுடைய கைகள் அப்படி எழவில்லை. ஆனால் அவளுக்குத் தண்ணீர் தெரிந்தது. இத்தனை ஆண்டுகளாக அது வெறும் தூரமாக இருந்தது. இப்போது வலது தோளில் ஒருவிதமாகவும் இடது தோளில் வேறுவிதமாகவும் உரசியது. திருப்பத்தில் சுவரை உதைத்து வெளிவந்தபோது உடம்பு பழைய பருந்தை நினைவு கூர்ந்தது. ஒருத்தியைத் தாண்டினாள். இன்னொருத்தியை. தணிகாசலம் குளத்தோரம் ஓடிக்கொண்டே கத்துவது நீருக்கு மேல் தலை வரும்போதெல்லாம் துண்டு துண்டாகக் கேட்டது. கடைசி வீச்சில் கைகளை நீட்டிச் சுவரைத் தொட்டாள்.

பலகையில் மூன்றாவது இடத்தில் அவள் பெயர் வந்தது. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. அதே நேரத்தில், அவள் தடத்தின் முனையில் நின்றிருந்த நடுவர் கையை உயர்த்தினார்.

நரைத்த கொண்டை போட்ட விசாலாட்சி மேடம். பெரும் தவறு செய்துவிட்டவர்போலக் குனிந்து அவளிடம் சொன்னார்: "மன்னிச்சுக்கோம்மா. இந்த நீச்சல்ல ரெண்டு கையும் ஒண்ணாத்தான் சுவரைத் தொடணும். உனக்கு இடது கை முந்திடுச்சு. தகுதி நீக்கம்தான்."

"நல்லாப் பார்த்தீங்களா மேடம்?"

"நல்லாப் பார்த்தேன். இடது கை முதல்ல, வலது கை அப்புறம்." அவர் நிமிர்ந்து சுவரைக் காட்டினார். "வருஷக்கணக்கா இந்தச் சுவரோரம் சும்மா நின்னுட்டுப் போறேன். யாரும் இந்தத் தப்பையே பண்றதில்ல. கையைத் தூக்கறது எப்படின்னே மறந்து போச்சு."

ரெபேக்கா சிரிக்கத் தொடங்கினாள். தடக் கயிற்றில் தொங்கிக்கொண்டு, தண்ணீர் மூக்கில் ஏற ஏறச் சிரித்தாள். தணிகாசலம் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அப்பீல் போடலாம்மா! வீடியோ கேட்கலாம்!"

"வேணாம் சார். அவங்க சொல்றது சரிதான். எனக்கே தெரிஞ்சுது."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, "நீதான். இது நீயேதான்" என்றார்.

பலகையில் அவள் பெயர் அழிந்தது. கூட்டம் கூச்சலிட்டது. ஒலிபெருக்கி எதையோ அறிவித்தது. யார் சொல்வதும் யாருக்கும் கேட்கவில்லை. மேல் வரிசையில் சலோமி எழுந்து நின்று கைகளை உயர்த்தினாள். அந்தத் தூரத்திலும் தெளிவாகத் தெரிந்தது.

"என்ன ஆச்சு? ஏன் பேரை எடுத்துட்டாங்க?"

ரெபேக்கா கயிற்றில் ஒரு காலைப் பின்னிக்கொண்டு இரண்டு கைகளையும் தண்ணீருக்கு வெளியே எடுத்தாள். "ஒரு கை முன்னாடி போயிடுச்சு!"

சலோமி ஒரு நொடி யோசித்தாள். பிறகு அவள் தோள்கள் சிரிப்பில் குலுங்கின. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுடைய கைகள் இன்னும் நீளமாக எதையோ சொல்ல, ரெபேக்கா பதில் சொன்னாள், அதற்கு அவள் மறுபடி எதையோ சொன்னாள்.

தங்கம் வென்ற அகல்யா தடக் கயிறுகளுக்கு அடியில் முங்கி முங்கி அவள் பக்கத்தில் வந்து எழுந்தாள். நெடுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் போல.

"அக்கா, அது உங்க அம்மாங்களா? என்னங்க்கா சொல்றாங்க?"

"பசிக்குதாம். தோத்ததுதான் தோத்தே, சீக்கிரம் வா, பிரியாணி தீர்ந்துடும்னு சொல்றாங்க."

அகல்யா சிரித்தாள். நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்ற ஒரு கையைத் தூக்கினாள். மறு கையும் கூடவே நெற்றிக்குப் போனது. இரண்டையும் அவசரமாகத் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டாள். மேடைக்கு வரச்சொல்லி அவள் பெயரை ஒலிபெருக்கி அழைத்துக்கொண்டிருந்தது. அவள் நகரவில்லை. சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"அக்கா... உங்களுக்கு அதை எடுத்தாங்களே, அந்த டாக்டர் பேரு என்னங்க்கா?"